காமுத்தாய் வழக்குக்குக் கிடைத்த கட்டுரை

மார்ச் 4, திங்கள்

நெடிய யோசனைக்குப் பின் இன்று பிற்பகல் ஒரு முடிவுக்கு வந்தேன். வழக்கறிஞர் சங்க நூலகத்தின் மூன்றாவது அலமாரியைத் திறப்பது என்பதே அது. முடிவெடுத்தபோது உட்கார்ந்திருந்தேன். இப்படிப்பட்ட முடிவை உட்கார்ந்தபடி எடுக்கக் கூடாது என்று தோன்றியதால் எழுந்து நின்று மறுபடியும் எடுத்தேன்.

முதல் அலமாரியில் சட்டங்கள். இரண்டாவதில் தீர்ப்புத் தொகுதிகள். இவ்விரண்டையும் கொண்டே எங்கள் ஊரில் மூன்று தலைமுறை வக்கீல்கள் வீடு கட்டியிருக்கிறார்கள். மூன்றாவதில் இருப்பவை சட்ட ஆய்விதழ்கள். பேராசிரியர்கள் எழுதிப் பேராசிரியர்கள் பாராட்டியவை. எனக்குத் தெரிந்து எந்த வக்கீலும் அந்த அலமாரியைத் திறந்ததில்லை. மழைக்காலத்தில் அதன் தலையில் குடை வைப்போம்.

காரணம் காமுத்தாய் வழக்கு. கண்மாய்க்கரைத் தெருவில் அந்த அம்மாளுக்கு ஓட்டு வீடும் அதன் முன்பகுதியில் ஒரு மாவு மில்லும் உண்டு. கண்மாய் வற்றிய காலத்தில் அரசாங்கமே பட்டா கொடுத்து அங்கே குடியேற்றியது. வரி வாங்கியது. மில்லுக்கு மின் இணைப்பும் கொடுத்தது. இப்போது அதே அரசாங்கம் அது நீர்நிலை என்று பட்டாவை ரத்து செய்து, வீட்டை இடிக்க நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. பின்னால் ‘வள்ளல் நகர்’ என்று ஒரு மனைப்பிரிவு வருகிறது, அதற்குச் சாலை வேண்டும். மனைப்பிரிவு போடும் நிறுவனமும் வழக்கில் தன்னைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. அவர்களுக்கு ஆஜராகிறவர் அட்சயலிங்கம்.

இன்று நீதிபதி அருமைநாயகம் இடிக்கத் தடை கொடுத்தார், ஏப்ரல் 29 வரை. “குடியேத்துனதும் கவர்ன்மெண்ட், ஆக்கிரமிப்புன்னு சொல்றதும் கவர்ன்மெண்ட்னா எப்படி?” என்று அவரே கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “உங்க பக்கத்துக்கு ஏதாவது அத்தாரிட்டி இருந்தா கொண்டு வாங்க. சின்னதா இருந்தாலும் பரவால்ல” என்றார்.

இரண்டாவது அலமாரியில் இருப்பதெல்லாம் எங்களுக்கு எதிரான தீர்ப்புகள்.

மார்ச் 5

நூலகர் முத்தையாவிடம் மூன்றாவது அலமாரியின் சாவியைக் கேட்டேன். “நான் வேலைக்குச் சேர்றப்பவே சாவி கிடையாது சார்” என்றார். பூட்டுக்காரரை அழைக்கத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமா, செயற்குழுவே போதுமா என்று சங்கச் செயலாளருடன் நீண்ட நேரம் பேசினேன். கடைசியில் முத்தையா கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். அலமாரி பூட்டப்பட்டே இருக்கவில்லை.

மார்ச் 7

அதிர்ச்சி. சட்டத்தில் இத்தனை விஷயங்கள் இருக்கின்றன என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மரங்கள் வழக்குத் தொடரலாமா என்று ஒரு கட்டுரை. தொடரலாம், ஆனால் வக்காலத்தில் கையெழுத்திடுவதில் சிக்கல் என்று முடிகிறது. இன்னொன்றில் ஒரு பக்கத்தில் கட்டுரை ஒரே ஒரு வரி, மீதி முழுக்க அடிக்குறிப்பு. அந்த வரியும் “மேலே கூறியபடி” என்று தொடங்குகிறது. ஒரு பேராசிரியர் தன் கருத்துக்கு ஆதாரமாகத் தன்னுடைய முந்தைய கட்டுரையைக் காட்டுகிறார். அதை எடுத்துப் பார்த்தால், “விரைவில் வெளிவரவிருக்கும் என் கட்டுரையில் விளக்குவேன்” என்கிறார். பல இதழ்களில் பக்கங்களின் ஓரம் வெட்டப்படாமல் ஒட்டியே இருக்கிறது. அச்சகத்தை விட்டு வந்தபின் மனிதக் கண் படாத பக்கங்கள். வீட்டிலிருந்து கத்தி கொண்டுவந்து வெட்டினேன். கொலம்பஸ் அளவுக்கு இல்லாவிட்டாலும் அந்தத் திசையில் ஓர் உணர்வு.

ஜூனியர் தௌலத் நிஷா கேட்டாள்: “சார், கேஸுக்கு ஏதாவது கெடச்சுதா?”

ஆராய்ச்சி என்பது கேஸைவிடப் பெரியது என்று சொன்னேன். அவள் இளையான்குடிக்காரி. பதில் சொல்லாமல் பார்க்கத் தெரிந்தவள்.

மார்ச் 13

கிடைத்துவிட்டது.

ஒரு சட்டக் கல்லூரியின் பழைய ஆண்டிதழ். வற்றிய கண்மாயில் அரசு குடியேற்றிய மக்களைப் பின்னாளில் அரசே ஆக்கிரமிப்பாளர் என்று அழைக்கலாமா என்பதே கட்டுரையின் ஒரே கேள்வி. கூடாது என்கிறது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும், மாற்று இடம் கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும் என்கிறது. கண்மாய்க்கரைத் தெருவைப் பார்த்துவிட்டு வந்து எழுதியது போல இருக்கிறது. நல்ல நடை, நிதானமான ஆள். இருபது வருடமாக நான் கோர்ட்டில் பேச நினைத்துப் பேச வராமல் போனதை யாரோ எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு குறை. முதல் பக்கம் இல்லை. இதழின் உள்ளடக்கப் பக்கமும் இல்லை. இரண்டையும் யாரோ கிழித்திருக்கிறார்கள். ஆகவே எழுதியவர் பெயர் தெரியவில்லை.

நிஷா படித்தாள். கட்டுரையைவிட அடிக்குறிப்புகளில் அதிக நேரம் இருந்தாள். “சார், இந்தப் பன்னெண்டாவது குறிப்பப் பாருங்க. வேற ஸ்டேட் ஹைகோர்ட் தீர்ப்பு ஒண்ணு சொல்றாரு. அப்படியே நம்ம பாயிண்ட்டு. நம்ம ரெண்டாவது அலமாரியில அந்தத் தொகுதி இல்ல. சென்னையில கேட்டு வாங்கிரலாம்.”

வாங்கிக்கொள், ஆனால் அது துணைச் சரக்கு என்றேன். ஒரு விருந்தில் எலுமிச்சை ஊறுகாயைப் போல.

மார்ச் 15

காமுத்தாய் ஆபீசுக்கு வந்தார். மில்லிலிருந்து நேராக வந்ததால் வரவேற்பறை முழுக்க மல்லித்தூள் வாசனை. அவர் கொடுத்த பட்டா நகலைப் பிரித்ததும் நான் மூன்று முறை தும்மினேன்.

“அது வத்தலு ஐயா, மல்லியில்ல. காலையில மொளகா வத்தலு அரைச்சேன்” என்றார்.

கட்டுரை கிடைத்த செய்தியைச் சொன்னேன். யார் எழுதியது என்று தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

“எழுதுனவுக யாரா இருந்தா என்னங்கய்யா? ஜட்ஜய்யாதான் போன வாய்தாவுல நம்ம பக்கமா பேசுனாகளே. அவுகளுக்குப் புரிஞ்சாப் போதாதா?”

சட்டம் தெரியாதவர்களுக்கு ஆராய்ச்சியின் அருமை புரிய வைப்பது கடினம். ஆசிரியர் பெயர் இல்லாத கட்டுரை தகப்பன் பெயர் இல்லாத விண்ணப்பம் மாதிரி என்று விளக்கினேன். “எம் மகளுக்குக் கூட தகப்பன் பேரு இல்லாமத்தேன் அப்ளிகேசன் போட்டோம், சீட்டுக் குடுத்தாக” என்றார். நிஷா சிரித்தாள். நான் பேச்சை மாற்றினேன்.

மார்ச் 20

சட்டக் கல்லூரி நூலகத்தில் அந்த ஆண்டிதழ் இல்லை. கறையான் தின்றுவிட்டதாம். கறையான்களாவது படித்திருக்கின்றன.

கேண்டீனில் அட்சயலிங்கம் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் என்றாலும் கோர்ட்டுக்கு வெளியே நாங்கள் அண்ணன் தம்பி.

“என்னண்ணே, மூணாவது அலமாரிக்குள்ளயே குடியிருக்கீங்களாம். முத்தையா உங்களுக்கு வாடகை போடப் போறான்.”

தேடும் பொருளைச் சொல்ல நினைக்கவில்லை, ஆனால் சொன்னேன். சொல்ல ஆரம்பித்ததும் அவர் டீயை வைத்துவிட்டுக் கேட்டார்.

“அந்தக் கட்டுரையா? அதுல மொதப் பக்கம்தான இல்ல?”

இல்லாதது முதல் பக்கம் என்று நான் அப்போது சொல்லியிருந்தேனா என்று நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

“எங்கிட்ட இருக்குண்ணே. தேடித் தர்றேன். நீங்க அதக் கண்டிப்பாக் கோர்ட்டுல வைக்கணும். சும்மா சொல்லல, இந்த ஊர்ல ஆராய்ச்சி பண்ணி வாதம் பண்றது உங்களத் தவிர யாரு இருக்கா?”

தொழிலில் போட்டியும் மனதில் பெருந்தன்மையும் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு இவரை உதாரணமாகச் சொல்லலாம்.

மார்ச் 22

பேரதிர்ச்சி.

அட்சயலிங்கத்தின் குமாஸ்தா ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே கட்டுரையின் முதல் பக்கம், அசலே. இடது ஓரம் ஒழுங்கில்லாமல் கிழிந்திருந்தது, மேல் மூலையில் எங்கள் சங்க நூலகத்தின் முத்திரை. அவர் நூலகத்தின் மீது வைத்திருக்கும் பற்று எனக்குத் தெரியும். எப்போதோ பத்திரப்படுத்தியிருக்கிறார்.

தலைப்பின் கீழே எழுதியவர் பெயர்: பா. அருமைநாயகம், வழக்கறிஞர்.

எங்கள் வழக்கை விசாரிக்கும் நீதிபதி பா. அருமைநாயகம். அவர் நீதிபதியாவதற்கு முன் வக்கீலாக இருந்தபோது எழுதியது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன், பிறகு எழுந்தேன், பிறகு மறுபடி உட்கார்ந்தேன். ஒரு நீதிபதியிடம் அவருடைய கருத்தையே ஆதாரமாக வைக்கும் வாய்ப்பு ஒரு வக்கீலுக்கு வாழ்நாளில் எத்தனை முறை வரும்?

சில தீர்ப்புகளின் கடைசிப் பத்தியில் ஒரு வரி வரும். ‘இவ்வழக்கில் கற்றறிந்த வழக்கறிஞர் திரு. இன்னார் செய்த ஆய்வுக்கு இந்நீதிமன்றம் தன் பாராட்டைப் பதிவு செய்கிறது’ என்று. அட்சயலிங்கத்துக்கு இரண்டு முறை வந்திருக்கிறது, கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டியிருக்கிறார். இதை எதற்காக இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 23

நிஷாவிடம் முதல் பக்கத்தைக் காட்டினேன். அவளுடைய முகம் நான் எதிர்பார்த்தபடி மாறவில்லை, வேறு மாதிரி மாறியது.

“சார், இத வைக்க வேணாம்.”

“ஏன்?”

“அவர் எழுதுனது, அவர் மறந்தா போயிருப்பாரு? அதனாலதான் போன வாய்தாவுல அப்படிக் கேட்டாரு. அவருக்கு நம்ம பாயிண்ட் தெரியும் சார். ஒரு தீர்ப்புதான் வேணும், புடிச்சு நிக்க. சென்னையிலருந்து அந்தப் பன்னெண்டாம் குறிப்புத் தீர்ப்பு வந்துருச்சு. அத மட்டும் குடுத்துட்டு உக்காந்துருவோம்.”

“கட்டுரையின் காரணங்கள்?”

“அத நம்ம வாதமாச் சொல்லிக்கலாம்.”

பிறர் எழுதியதைப் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொள்வது திருட்டு என்றேன். இதுவரை நான் தாக்கல் செய்த மனுக்களில் பாதியைப் பிறருடைய மனுக்களிலிருந்து எடுத்திருக்கிறேன் என்பது உண்மை. ஆனால் அவை மனுக்கள். இது இலக்கியம்.

“அட்சயலிங்கம் சார் எதுக்கு அவருக்கு எதிரான கட்டுரைய நமக்குக் கொண்டுவந்து குடுக்கணும்?” என்றாள்.

இளம் வயதில் சந்தேகம் அதிகம் இருக்கும். அவளுக்கு முப்பத்தி நான்கு.

ஏப்ரல் 3

கட்டுரையை மூன்று பிரதிகள் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மேலே கண்ணாடித்தாள் வைத்தாகிவிட்டது. ஆசிரியர் பெயருக்கு மஞ்சள் மார்க்கர் போடலாமா என்று யோசித்தேன். போட்டேன்.

ஏப்ரல் 10

கோடை விடுமுறைக்கு முன் கடைசி வேலை நாளான 30ஆம் தேதி, ‘வழக்காய்வில் சட்ட ஆய்விதழ்களின் பயன்’ என்ற தலைப்பில் இளம் வழக்கறிஞர்களுக்கு உரையாற்றும்படி சங்கம் என்னைக் கேட்டிருக்கிறது. யோசனை அட்சயலிங்கத்துடையது என்று செயலாளர் சொன்னார். முந்தைய நாள்தான் காமுத்தாய் வழக்கு. உரைக்குச் சுடச்சுட ஓர் உதாரணம் இருக்கும்.

ஏப்ரல் 15

காமுத்தாய் வந்தார். மில்லுக்கு அரவைக் கல்லைக் கொத்த ஆள் கூப்பிட்டால் வர மறுக்கிறார்களாம். இடிக்கப்போகிற மில்லுக்கு எதற்குக் கல் கொத்துவது என்கிறார்களாம்.

“கொத்தச் சொல்லிறட்டுமாங்கய்யா?”

தாராளமாகச் சொல்லுங்கள் என்றேன்.

ஏப்ரல் 24

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்டத்தில் என் செருப்பு தொலைந்தது. வேறு விசேஷமில்லை.

ஏப்ரல் 29

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வழக்கு கூப்பிடப்பட்டது. நிஷா பன்னிரண்டாம் குறிப்புத் தீர்ப்பின் நகலை என் கையில் வைத்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு ஸ்பைரல் பிரதியை மேலே கொடுத்தேன். “மை லார்ட், இந்தக் கேள்வியைப் பற்றி இந்த நாட்டில் எழுதப்பட்ட மிகச் சிறந்த கட்டுரை இது” என்றேன்.

நீதிபதி கண்ணாடித்தாளைப் புரட்டினார். மஞ்சளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இது நான் எழுதுனது.”

“ஆமாம், மை லார்ட்.” என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கலாம்.

“அந்தப் பன்னெண்டாவது ஃபுட்நோட்டுல ஒரு ஜட்ஜ்மெண்ட் சொல்லியிருந்தேனே. கொண்டு வந்தீங்களா?”

“கட்டுரையே அதைவிட விரிவாக இருக்கிறது, மை லார்ட்.”

அப்போது அட்சயலிங்கம் எழுந்தார். மிக மெதுவாக, துக்க வீட்டில் பேசுவது போல, தன் கட்சிக்காரருக்கு மாண்புமிகு நீதிபதி மீது முழு நம்பிக்கை உண்டு, ஆனால் வழக்கின் ஒரே கேள்வியில் முன்பே முடிவை எழுதிவிட்டவர் என்ற பேச்சு நாளைக்கு வந்து, மாண்புமிகு நீதிபதிக்குச் சங்கடம் நேர்வதைத் தாங்கள் விரும்பவில்லை என்றார். எல்லாம் என் மூலமே கோர்ட்டின் பார்வைக்கு வந்தது என்பதையும் நன்றியோடு பதிவு செய்தார்.

“அவர் சொல்றது சரிதான்” என்றார் நீதிபதி. “நான் இத கேக்க முடியாது. நிர்வாக நீதிபதிகிட்டப் போகட்டும், வேற கோர்ட்டுக்குப் போடுவாங்க.”

“மை லார்ட், தடை இன்றோடு முடிகிறது. அதை மட்டும் நீட்டித்து…”

“விலகிட்டேன்னு சொன்னப்புறம் நான் என்ன உத்தரவு போடறது, மிஸ்டர் சபாநாயகம்? நாளைக்கே நீங்க நிர்வாக நீதிபதிகிட்ட நேர்ல போய்ச் சொல்லுங்க. வெக்கேஷனுக்கு முன்னாடி.”

பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு நொடி அதன் மேல் அவர் கை இருந்தது.

வராந்தாவில் காமுத்தாய் நின்றிருந்தார். “ஜட்ஜய்யா என்ன சொன்னாக?” என்று கேட்டார். வேறு நீதிபதி விசாரிப்பார் என்றேன்.

“ஏன், இவுகளுக்கு என்ன?”

நிஷா அவரைக் கூட்டிக்கொண்டு டீ வாங்கித் தரப் போய்விட்டாள்.

ஏப்ரல் 30

உரை சிறப்பாக அமைந்தது. நிர்வாக நீதிபதி காலை பத்தரைக்கு உட்கார்ந்தார், உரையும் பத்தரைக்கு. அழைப்பிதழ் அச்சடித்த பிறகு நேரத்தை மாற்றுவது மரியாதையல்ல என்பதால் நிஷாவை அனுப்பினேன். அவளும் வக்கீல்தான்.

ஆய்விதழ்களை எப்படிப் பயன்படுத்துவது என்று விரிவாகச் சொன்னேன். கட்டுரை ஒரு கதவு, அதன் அடிக்குறிப்புகள் வழியே மூலத் தீர்ப்புகளுக்குப் போக வேண்டும், கோர்ட்டில் வைக்க வேண்டியவை அந்தத் தீர்ப்புகளே என்றேன். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நேற்றைய வழக்கை உதாரணமாகச் சொல்லவில்லை, நேரமில்லை. அட்சயலிங்கம் பொன்னாடை போர்த்தி நன்றியுரை ஆற்றினார். ஆராய்ச்சியால் ஒரு வழக்கின் போக்கையே மாற்ற முடியும் என்பதை அண்ணன் நிரூபித்துவிட்டார் என்றார். நல்ல கைதட்டல்.

நிஷா மதியம் திரும்பி வந்தாள். “சீனியர் வந்து சொல்லட்டும்னாங்க சார். நீங்க வருவீங்கன்னு பன்னெண்டு வரைக்கும் கேஸ் கட்ட எடுத்து வெச்சுருந்தாங்க.” பிறகு, “போன் சுச்சாஃப்ல இருந்துச்சு” என்றாள்.

மேடையில் இருப்பவர் போனை அணைத்து வைப்பது வழக்கம்.

மே 2

விடுமுறைக் கால நீதிமன்றம் அடுத்த புதன்கிழமைதான் உட்காருகிறது. மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. நிஷா தட்டச்சு செய்கிறாள். கட்டுரையை இணைக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

மே 4, சனி

காலையில் காமுத்தாய் போன் செய்தார். பின்னால் பொக்லைன் சத்தம். அவர் குரலை முதலில் அடையாளம் தெரியவில்லை.

“ஐயா, வந்துட்டாக. போலீசும் வந்துருக்கு. அந்தப் புக்க எடுத்துக்கிட்டு வாங்கய்யா. கண்ணாடி போட்டு வச்சிருந்தீகளே, அது. இவுககிட்டக் காட்டுங்க. ஜட்ஜய்யா எழுதுனதுன்னு சொல்லுங்க.”

அது அப்படிக் காட்டக்கூடியதில்லை என்று சொன்னேன்.

“வீட்டுச் சாமானம் எடுத்துட்டோம். மில்லத்தேன் தூக்க முடியல. கல்லு கனம். நேத்துத்தேன் கொத்தி மாட்டுனோம்.”

வருகிறேன் என்றேன். சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது மறுபடி போன் வந்தது. நிஷா. அவள் முன்னமே அங்கே போயிருக்கிறாள். “வர வேணாம் சார்” என்றாள்.

சட்டையைக் கழற்றவில்லை. மாலை வரை அதோடேயே உட்கார்ந்திருந்தேன்.

மே 8

விடுமுறைக் கால நீதிமன்றத்தில் மனு எடுத்துக்கொள்ளப்பட்டது. அவசரம் எதுவும் இப்போது இல்லை என்று விடுமுறைக்குப் பின் பட்டியலிட உத்தரவு.

மே 21

நிஷா வேலையிலிருந்து விலகினாள். காரணம் கேட்கவில்லை. மேசையை ஒழித்துவிட்டுப் போகும்போது, சென்னையிலிருந்து வரவழைத்த அந்தத் தீர்ப்பின் நகலை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கண்மாய்க்கரைத் தெருவில் இன்னும் ஒன்பது வீடுகள் இருக்கின்றனவாம், அவர்களுக்கு அவள் ஆஜராகப் போகிறாளாம். எடுத்துக்கொள் என்றேன். நான் அதை இன்னும் படிக்கவில்லை.

ஜூன் 10

காமுத்தாய் வழக்கு இன்று புதிய நீதிபதி முன் வந்தது. வீடு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டையும் மில்லையும் இடிக்கக் கூடாது என்று கோரும் மனுவில், இரண்டும் இப்போது இல்லாததால் தீர்மானிக்க எதுவும் மிஞ்சவில்லை என்று பதிவு செய்து மனுவை முடித்துவைத்தார். செலவுத்தொகை இல்லை.